குட்டி ஆயர்

“நாலாவது வரியைப் படிங்க.”

கண்ணாடிக்கு அளவு பார்க்க வந்தவர் கையில் பங்கு மடலைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் காத்திருப்பார். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் கொடுக்கிற நாலு பக்கத் தாள் அது. தனக்குப் பிடிக்காத வரிகளையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருப்பார். வந்தவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “பீடத்தில் வாசகம் வாசிக்கப் பெண்களும் பெயர் கொடுக்கலாம்” என்று படிப்பார்.

“எழுத்து தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“அப்ப பவர் சரி. விஷயம்தான் தப்பு” என்றபடி காதுக் கம்பியைச் சூடுகாட்டி வளைக்கத் தொடங்குவார்.

கடைவீதியில் நாற்பது வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு குட்டித் திருப்புளி. கோயிலில் பக்கத்து பெஞ்சுக்காரர் கண்ணாடி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இவருக்குப் பொறுக்காது. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கழற்றி வாங்கி, முடுக்கி, துடைத்து மாட்டிவிடுவார். யார் எப்போது முழங்காலில் இருக்க வேண்டும், யார் எங்கே கைகூப்ப வேண்டும் என்றெல்லாம் கணக்கு வைத்திருந்ததால் பங்கு மக்களிடம் அவருக்குக் குட்டி ஆயர், அதாவது சின்ன பிஷப், என்று பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு.

“மேல இருந்து உத்தரவு வந்தா அடங்கணும். அவங்கவங்க இஷ்டத்துக்கு நடக்க இது என்ன கிளப்பா?” என்பது அவருடைய நிரந்தர வசனம்.

அந்த வசனத்தை அதிகம் கேட்டவர் அவருடைய தங்கைதான். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனைப் போலவே வாய். ஆனால் கட்சி வேறு. ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கை கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

“ஏண்ணே, ஆயர் தப்பே பண்ண மாட்டாரா?”

“பண்ணலாம். அதைச் சொல்ல நீ யாரு?”

“ஞானஸ்நானம் வாங்கினவ.”

இப்படியே போகும். இடையில் அவர் மனைவி கரண்டியோடு வந்து, “ரெண்டு பேரும் சேர்ந்து ரோமுக்கு ஒரு லெட்டர் போட்டுடுங்க. இப்ப சாப்பிடுங்க” என்பார். அந்த அம்மாள் யார் பக்கமும் சாய்ந்ததில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் கணவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பேசியிருக்கலாம், பாவி மனுஷி.

ஒரு நாள் உத்தரவு மேலிருந்தே வந்தது. குருக்கள் போதவில்லை, குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரும், பெண்கள் உட்பட, பயிற்சி பெற்று, பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொடுக்கலாம், நோயாளிகள் வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம் என்று ஆயரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். இந்தப் பங்குக்கான பட்டியலில் முதல் பெயர் தங்கையுடையது. மனிதருக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

“மேல இருந்து வந்தா அடங்கணும்னு நீதானேண்ணே சொன்னே” என்று தங்கை சிரித்தார்.

“அடங்குறேன். யாரு வேணும்னாலும் குடுக்கட்டும். அபிஷேகம் பண்ணாத கையில இருந்து நான் வாங்க மாட்டேன்.”

சொன்னதைச் செய்தார். அடுத்த ஞாயிறு நன்மை வாங்கும் நேரத்தில் அவர் பெஞ்சு தங்கையின் வரிசையில் விழுந்தது. எழுந்தார், கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, குறுக்கே நடந்து சாமியார் வரிசையில் போய் நின்றார். தங்கையின் முகம் செத்துப்போயிற்று. சாமியார் இதைக் கண்டிக்கப் போனபோது, “வேணாம் ஃபாதர், அண்ணன் குணம் அப்படி” என்று தடுத்ததும் அவர்தான்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. படுக்கை. சாமியார் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். “உங்க தங்கச்சி கொண்டு வந்தா ஞாயித்துக்கிழமையே வாங்கிக்குவேனே” என்று அந்த அம்மாள் ஒரு தடவை கேட்டார். “வெள்ளிக்கிழமை ஃபாதரே வராரு. அஞ்சு நாள்தானே” என்று இவர் சொல்ல, வழக்கம்போல அவர் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிறு தங்கை கூப்பிடாமலே வந்தார். கழுத்தில் தொங்கும் சின்னத் துணிப்பை. அதற்குள் நற்கருணைச் சிமிழ். இவர் கதவைப் பாதி திறந்து நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

“அண்ணி கேட்டாங்கன்னு ஊசி போட வர்ற நர்ஸ் சொன்னாங்க.”

“ஃபாதர் வருவாரு. நீ போ.”

நற்கருணையாக ஆண்டவரைச் சுமந்து போகும்போது வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது பயிற்சியில் சொன்னது. தங்கை துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். உள்ளேயிருந்து மனைவி, “யாருங்க வந்தது?” என்றார்.

“யாரும் இல்ல” என்றார் இவர்.

புதன்கிழமை விடியற்காலையில் அந்த அம்மாள் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாமியார் வந்தார், அடக்கப் பூசைக்கு.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் மனைவிக்காக அழுகிறார் என்று நினைத்தார்கள். அதுவும்தான். ஆனால் அவரை உள்ளுக்குள் அரித்தது வேறு. தங்கையின் கையைத்தான் அவர் சந்தேகப்பட்டார். சிமிழுக்குள் இருந்ததைச் சந்தேகப்பட்டதே இல்லை. யார் தூக்கி வந்தாலும் அது ஆண்டவர்தான் என்பது அவர் படித்த ஞானோபதேசம். பக்கத்துக் கடைத் தையல்காரரிடம்தான் முதலில் சொன்னார்: “ஆண்டவரை வாசல்ல நிக்க வச்சிட்டு, யாரும் இல்லன்னு சொன்னேங்க. சாகக் கிடந்தவகிட்ட.”

“எனக்கு உங்க கோயில் விவகாரம் புரியாது. போய்த் தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்றார் தையல்காரர்.

“எந்த முகத்தோட?”

அவர் கருத்து மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் சாமியார் வரிசைதான். ஆனால் பங்கு மடல்கள் மேஜை டிராயருக்குள் போய்விட்டன. கண் பார்க்க வருகிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்த அட்டையை நீட்டுகிறார். ஞாயிறு சாப்பாடு நின்றுபோயிற்று. அண்ணன் ஒரு வீட்டில், தங்கை ஒரு வீட்டில், ஆளுக்கொரு தட்டு.

ஞாயிறு கடைக்கு விடுமுறை. இருந்தும் பூசை முடிந்ததும் வந்து ஷட்டரை ஏற்றுகிறார். வீதிக் கடைசியில் பக்கவாதத்தில் கிடக்கும் தபால்காரருக்கு நன்மை கொண்டுபோகும் தங்கை அந்த வழியாகத்தான் வருவார். துணிப்பை கண்ணில் பட்டதும் இவர் படியிறங்கி, தெருவில், தாரின் மேல் முழங்காலிடுவார். ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடித்து விலகிப் போவார்கள். தங்கை நிற்காமல் கடந்துவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் ஷட்டரை இறக்கிக்கொண்டு இவர் உள்ளே போய்விடுவார். பதினோரு வாரம் இப்படி.

போன ஞாயிறும் ஷட்டர் கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தபால்காரர் வீட்டிலிருந்து தங்கை வெளியே வருவது தெரிந்தது. கொக்கியை விட்டார். படியிறங்கினார். தங்கை பக்கத்தில் வந்தபோது மறுபடி முழங்காலில் இருந்தார்.

“அண்ணே, சிமிழ் காலிண்ணே” என்றார் தங்கை. “குடுத்துட்டு வந்துட்டேன். எந்திரி.”

தெரியும் என்று தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை.