வலப்பக்கம் யாருமில்லை

இது கட்டிய கதை இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் பழவேற்காட்டில் படகேறிப் போய், பசியாவரத்துக்குப் பக்கத்து இருளர் குடிசைகளில் குப்பம்மாளையே கேட்கலாம். பொய் சொல்லத் தெரியாதவள்.

அவள் புருஷன் தசரதன் ஏரியில் மூழ்கி மூன்று நாளாகியிருந்தது. திடீர்க் காற்றில் தோணி கவிழ்ந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அவனை மண்ணில் அடக்கம் செய்யாமல் குப்பம்மாளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குடிசையில் நான்கு வயது மகள் பூவிழி வேறு பசியில் சுருண்டு கிடந்தாள். அன்று குப்பம்மாள் பறியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"இன்னாடி, இன்னிக்கே எறங்கிட்ட?" என்றாள் தசரதனின் அக்கா நாகம்மாள்.

"கொழந்தைக்கு எறா வேணும் அண்ணி. அவரும் கைல தட்டுப்பட்டாருன்னா..."

நாகம்மாள் அவளுக்கு இடப்பக்கம் இறங்கினாள்.

அங்கே இருளர்கள் சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் கூடை போய்விடும். அதனால் தண்ணீரில் பேச்சே இருக்காது. ஒருத்தியின் பறி காலியாகத் தெரிந்தால், பக்கத்தில் இருப்பவள் தண்ணீருக்கடியிலேயே ஒரு பிடி இறாலை அவள் கையில் திணித்துவிடுவாள். நன்றி சொல்ல வாய் ஏது? குலதெய்வம் கன்னியம்மா பார்த்துக்கொள்வாள்.

தூரத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. பன்னிரண்டரை.

சேற்றுக்குள் ஒரு கை வந்தது. குப்பம்மாளின் உள்ளங்கையில் இறாலைத் திணித்தது. அண்ணிதான் என்று நினைத்தாள். கண் கலங்கியது.

மறுபடியும் வந்தது. மறுபடியும்... பறி நிறைந்துகொண்டே போனது.

அப்புறம்தான் உறைத்தது. அண்ணி இருப்பது இடப்பக்கம். கை வருவது வலப்பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. வெறும் தண்ணீர். உச்சி வெயில்.

சளக்...

மறுபடியும் அந்தக் கை. இந்த முறை தடவிப் பார்த்தாள். கெளுத்தி முள் குத்தி மடங்கிப்போன சுண்டுவிரல்.

தசரதனின் வலது கை.

கத்தினால் பறி போய்விடும். பூவிழிக்குச் சோறில்லை. பல்லை இறுக்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வந்தது.

எடையே இல்லை...

"மாமா!"

பறி விழுந்து மூழ்கியது. கை நழுவிப் போனது.

"குப்பு! இன்னாடி ஆச்சி?"

பதில் சொல்வதற்குள் அவள் மார்பில் ஏதோ முட்டியது. பறி. கீழேயிருந்து யாரோ தூக்கிக் கொடுத்ததுபோல் மேலே வந்தது. அதில் ஓர் இறால்கூடக் குறையவில்லை.

கரையேறியபோது அங்கே ஒரு பைபர் படகு நின்றது. லைட்ஹவுஸ் குப்பத்துச் சிங்காரம். தாங்கள் வலை போடும் இடத்தில் இருளர்களைக் கண்டால் விரட்டுகிற மனிதர். அன்று தசரதனின் உடலைக் கொண்டுவந்திருந்தார். தன் புது வேட்டியால் போர்த்தியிருந்தார்.

"முகத்துவாரத்துல ஒதுங்கினு இருந்தாரும்மா. காலைல ஆறு மணிக்கே பாத்துட்டோம். யாருன்னு விசாரிச்சினு வர நேரமாயிடுச்சி."

குப்பம்மாள் வேட்டியின் ஓரத்தைத் தொட்டாள்.

"அவரு கைய ஒருவாட்டி புடிச்சிக்கிறேன்ணா. வலது கை."

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது இல்லம்மா... மணிக்கட்டோட இல்ல. நாங்க பாக்கசொல்லவே இல்ல."