வலது விரல் வாசிக்க மறந்த நாட்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஒரு காலை, தோழி அனுப்பிய பிரெயில் கடிதத்தை வலது விரலால் தடவினேன். புள்ளிகளே இல்லை. வெறுந்தாளை அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். இடது கையால் தொட்டபோது எழுத்துகள் இருந்தன.

பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. அப்போது, எண்பதுகளில், கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எண்கள் எல்லாம் பிரெயில் அட்டைகளில்தான். வேலை போய்விடும் என்ற பயத்தில், விரல் மரத்ததைக் கணவர் ராஜுவிடம்கூட ஒரு மாதம் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பை கைநழுவி உடைந்த அன்று அவரே டாக்டர் கமலாவிடம் அழைத்துப்போனார்.

"கை எப்பல்லாம் மோசமாவுது? மனசுல தோணுறத சொல்லுங்க," என்றார் டாக்டர்.

பெலாச்சான் சம்பல் (இறால் விழுதுத் துவையல்) சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும்; அன்று மோதிரம் இறுகும், விரல்கள் அதிகம் மரத்துப்போகும் என்றேன். ராஜுவுக்குத் தெரியாமல் நான் முன்பு பார்த்த ஒரு மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். விரல்நுனிவரை மின்சாரம் ஓடியது.

'கார்ப்பல் டனல்' (மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நெரிபடுவது) என்றார். ஒவ்வாமையில் உடல் ஹிஸ்டமின் (வீக்கமும் அரிப்பும் தரும் வேதிப்பொருள்) வெளிவிடுகிறதாம்.

"ஏற்கெனவே எடமில்ல. அதுல வீக்கமும் சேர்ந்தா நரம்பு இன்னும் நெரியலாம். ஆனா அதுதான் காரணம்னு எனக்கு உறுதியா தெரியாதும்மா."

தெரியாது என்று சொன்ன அந்தக் குரலை நான் முழுதாக நம்பினேன்.

ஒவ்வாமை மாத்திரையில் அரிப்பு நின்றது. மணிக்கட்டுப் பட்டையும் போட்டேன். விரல் மரத்துப்போவது குறைந்தது, நிற்கவில்லை. அறுவை சிகிச்சைதான் வழி என்றானது.

"விரலுக்கு உணர்வு திரும்பலன்னா, டாக்டர்?"

"இடது கைய இப்பவே வாசிக்கப் பழக்குங்க. பயமுறுத்தல லா. காத்திருக்கிற நேரத்துல கைக்கு ஒரு வேலை வேணும்."

பழக்கினேன். குழந்தைபோல் எழுத்துக் கூட்டினேன். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் வெட்கப்படாதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்துப் பல வாரங்களுக்குப் பின் ராஜுவோடு பாசாருக்குப் போனேன். வெண்டைக்காய்க் குவியலில் வலது கையை வைத்தேன். ஆள்காட்டி விரலில் காயின் சுனை லேசாகக் குத்தியது.

"அக்கா, எவ்வளவு போட?" என்றார் கடைக்காரர்.

"கொஞ்சம் இருங்க அண்ணே," என்றேன். ஒவ்வொரு காயாகத் தொட்டுக்கொண்டே நின்றேன். ராஜு அவசரப்படுத்தவில்லை.

வாசிப்பில் பழைய வேகம் இன்றுவரை திரும்பவில்லை. முன்பு மூச்சுவிடாமல் ஓடிய வரியில் இப்போது ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்து சேர்கிறது. அது வரும்வரை காத்திருக்கிறேன்.