மிதித்ததற்கெல்லாம் சேர்த்து

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்த கையோடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். லேத்தில் கடைந்து வரும் தண்டுகளை, ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கை அசையக் கூடாத வேலை. அதனாலோ என்னவோ, மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோரும் என்னை அமைதியான பெண் என்பார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னது. காலை யாரும் கவனித்ததில்லை.

வேலை விட்டு வந்தால் வீட்டில் உட்கார முடியாது. காபியை நின்றபடியே குடித்துவிட்டு குவார்ட்டர்ஸைச் சுற்றி நடப்பேன். முடித்ததும் மறுபடி சுற்றத் தோன்றும். அப்படி ஒரு மாலையில்தான் மைதானத்தின் கோடியில், தகரக் கொட்டகைக்குள் ஒரு பெண் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். மறுநாள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன்.

அங்கே குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே கிரேன் ஓட்டுபவர். வீட்டில் கேட்டாயா என்றார். கேட்டேன், மூக்கை மட்டும் உடைத்துக்கொள்ளாதே என்று அப்பா சொன்னார் என்றேன். அந்த மூக்கு அவரைப் பயமுறுத்திவிட்டது. ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். வாரக்கணக்கில் வெறும் கயிறுதான். நச்சரித்து நச்சரித்துத்தான் ரிங்குக்குள் கால் வைத்தேன்.

எதிரில் நின்றது அந்த மணல் மூட்டைப் பெண். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள், இடக்கைக்காரி. நான் இடது காலை முன்னால் வைப்பேன், அவள் வலது காலை. இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கும். போன வேகத்தில் அவள் காலை மிதித்துவிட்டேன்.

மிதித்ததும், கன்னத்தைக் காத்து நிற்க வேண்டிய என் வலது கை அதை விட்டுப் போய், அவள் தோளைத் தொட்டு, என் கண்ணுக்கு வந்தது. யார் மீதாவது கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது, யோசித்துச் செய்வதல்ல. கிளவுஸோடு கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது கை என் தாடையில் இறங்கியது.

"இன்னாடி, சாமி கும்பிடவா வந்துகீற?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க இதேதான். மிதிப்பேன், தொடுவேன், வாங்குவேன். வீட்டுக்கு நடக்கும்போது தவறுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பேன். ஒன்று, முன்கால் நேராகப் போகிறது. அவள் காலுக்கு வெளிப்பக்கமாக வைக்க வேண்டும். இரண்டு, கண் தரையைப் பார்க்கிறது. மூன்று, கை. முதல் இரண்டும் மெல்லச் சரியாகிக்கொண்டு வந்தன. மைக்ரோமீட்டரைத் திருகும்போது நடுங்காத கை மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாஸ்டர் பொறுமை இழந்தார். "நாளைக்கு ஒரு ரவுண்டு பார்ப்பேன். கை எறங்குச்சுன்னா மறுபடி கயிறுதாம்மா. உங்கப்பாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, மறுபடியும் ஒரே இடத்தில் குதிப்பதா? குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அவளிடம், மிதித்துவிட்டுச் சும்மா இருந்தால் கையெல்லாம் அரிக்கிறது என்று சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

"மணி அடிக்கிற வரிக்கும் கணக்கு வெச்சுக்கோ. அப்பால மொத்தமா தொட்டுக்கோ. நான் இன்னா ஓடியா பூடப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அந்தக் கயிற்றை எனக்குத் தெரியும்படி ரிங்கின் ஓரத்திலேயே வைத்திருந்தார். ஆரம்பித்ததுமே மிதித்தேன். வலது கை துடித்தது. ஒன்று, என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். கை கன்னத்திலேயே இருந்தது. அவளுடைய இடது கை வந்து என் கிளவுஸில் மோதி நின்றது. அந்தச் சத்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். பிறகு இரண்டு. மூன்றாவது முறை மிதித்தபோது கால் சிக்கிக்கொண்டதில் அவளால் பின்வாங்க முடியவில்லை. என் வலது கை அவள் நெற்றியில் போய்ப் பட்டது. அதற்கும் சேர்த்துத் தொட வேண்டுமா என்று குழம்பினேன். குழம்பிய நேரத்தில் வயிற்றில் ஒன்று வாங்கினேன். அப்போதும் கை இறங்கவில்லை.

தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை மாஸ்டர் தட்டினார். எங்களுக்கு அதுதான் மணி. மூச்சு வாங்க அவளிடம் போய், தோளைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கொறையுது."

மூன்றுதான் என்றேன்.

"அந்த மூலைல மிதிச்சியே, அதுக்கு உங்கப்பா வந்து தொடுவாரா?"

நான்காவதையும் தொட்டேன். மாஸ்டர் எங்களைப் பார்க்காமல் குனிந்து கயிற்றை எடுத்துச் சுருட்டி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.

"இன்னொரு ரவுண்டு போறீங்களா?" என்று கேட்டார்.

என் கால் அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது.