கை அகல மீன்

ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபத்தாறு வருஷம் ஈரப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு லாண்டரி அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டு வந்த பிறகும் பெயர் போகவில்லை, தோள்வலியும் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. அவளும் மற்றவர்களிடம் பேசும்போது டிரைவர் என்றே சொல்வாள், ஏதோ வாடகைக்கு வைத்த ஆள் மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் இருந்த குளம் யாரும் ஆசைப்பட்டு வெட்டியது அல்ல. ரோட்டை உயர்த்த மண் எடுத்துப்போன பள்ளம், இரண்டு மழையில் நிரம்பிவிட்டது. மூன்று பஸ்ஸைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் அடைந்துவிடும் என்று டிரைவர் தன் கணக்கில் சொல்வார். நடுவில் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். ஒருநாள் அவர் ஒரு வாளி நிறைய ஜிலேபி மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து அதில் விட்டார்.

"ரிட்டயர் ஆனதும் தூண்டிலைப் போட்டுட்டு இங்கயே உட்கார்ந்துடுவேன். நீ டீ மட்டும் கொண்டுவந்து குடுத்தா போதும்."

"டீயை அந்த மீனுங்ககிட்ட கேளுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

முதல் இரண்டு வருஷம் அந்த மீன்கள் வளர்ந்த அழகே தனி. வட்டமாக, முதுகு தடித்து, கை அகலத்துக்கு இருக்கும். சட்டியில் இரண்டு போட்டால் மூன்றாவதுக்கு இடம் இருக்காது. டிரைவர் பிடித்து, அவள் கழுவி, எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒவ்வொரு தட்டு போகும். அவர் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது. ஒரு காலையில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒன்றாகப் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம் மூன்று சொல் மிச்சம் இருந்தது. 'ம்', 'இல்ல', 'போ'. நாற்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த மனிதர். லாண்டரி அக்கா அந்த மூன்று சொல்லையே வைத்துக் குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்க் கரையில் நிறுத்துவாள். மடியில் ஒரு கிண்ணம், அதில் தவிட்டு உருண்டை. அவர் இடது கையால் ஒரு பிடி அள்ளி வீசுவார். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் வந்து மொய்க்கும். அப்போது அவர் சிரிப்பார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சத்தமாக வரும் சிரிப்பு. நாள் முழுக்க வீட்டில் கேட்கிற ஒரே சிரிப்பு அதுதான். அதற்காக அவள் எதை வேண்டுமானாலும் செய்திருப்பாள்.

மீன்கள் சிறுத்துப்போவதை முதலில் கவனித்தது அவள் கைதான். கழுவும்போது விரல் நீளம்கூட இல்லை. தலை பெரிது, கண் அதைவிடப் பெரிது, உடம்பு தகடு மாதிரி. ஆனால் வயிற்றைக் கீறினால் முட்டை! இரை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு கிண்ணத்தை இரண்டு கிண்ணமாக்கினாள். மீன் பருக்கவில்லை, தண்ணீர்தான் பச்சை பிடித்தது.

கடைசியில் மீன்வள ஆபீஸுக்கே போய், அங்கிருந்த ஆபீசரை நச்சரித்து வீட்டுக்கு வரவழைத்தாள். இளைஞர்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர். வலையை ஒருமுறை வீசி, விழுந்ததைச் சாக்கில் கொட்டிப் பரப்பினார்.

"இதுங்களுக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"குஞ்சுங்கதானே சார்?"

"குஞ்சா? எல்லாம் கிழடுங்கம்மா. மூணு வயசு ஆயிருக்கும். வளர எடமும் இல்ல, பங்கு போட எரையும் இல்ல. முட்டை போடறதை மட்டும் நிறுத்தல."

"அப்ப என்ன சார் பண்றது?"

"மூணுல ரெண்டு பங்கை வெளிய எடுத்துடுங்க. பாவம் பார்க்காதீங்க. சின்னது மாட்டினா திரும்ப விடவே கூடாது. நல்ல பெருசு மாட்டினா அதைத் தண்ணியிலயே விட்டுடுங்க. எல்லாரும் இதைத் தலைகீழாத்தான் செய்வாங்க. எரையைப் பாதியாக் குறைங்க. நாலஞ்சு விரால் விடுங்க, குஞ்சுகளை அது பார்த்துக்கும்." கிளம்பும்போது கரையோரம் படர்ந்திருந்த பாசியைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "இதை எடுக்கணும்னா கால் பங்கு கால் பங்கா எடுங்க. ஒரேடியா அழிச்சா, அழுகுற பாசி தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் குடிச்சிடும். மீன் மூச்சுமுட்டிச் செத்துடும்."

மறுநாளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். காலையில் டிரைவர் தூங்கும் நேரத்தில் வலை வீசுவாள். வாளி வாளியாகப் பக்கத்துத் தெரு வாத்துப் பண்ணைக்குப் போயிற்று. ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் சாயங்காலம் டிரைவர் ஒரு பிடி வீசினார். தண்ணீர் கொதிக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு வாய் வந்து கொத்திவிட்டுப் போயின. இன்னொரு பிடி வீசினார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கையில் வலை அறுத்த கோடுகளைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "இல்ல, இல்ல, இல்ல." கண்ணீர் கோணின பக்கமாக வழிந்தது.

"மீன் நல்லா வரணும்னுதாங்க எடுக்கறேன். ஆபீசர் சொன்னாரு."

"போ."

அன்றோடு வலையைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டாள். அவருடைய சிரிப்பைக் குறைத்து மீனை வளர்த்து என்ன செய்வது?

விராலாவது விடலாம் என்று தன் தம்பியிடம் சொன்னாள். அவன் எலக்ட்ரீஷியன், கை நிறைய வேலை, வாய் நிறைய பேச்சு. எங்கேயோ அலைந்து ஐந்து விரால் கொண்டுவந்தான். அந்த வருஷம் குளம் மெல்லத் திரும்பியது. விரால் குஞ்சுகளை விழுங்க, மிஞ்சியவை சற்றுத் தடித்தன. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் டிரைவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு லாண்டரி அக்கா பாத்திரம் கழுவும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தூண்டிலோடு வந்தான். அவள் அவருக்குக் குளிக்க ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரே கூச்சல்.

"அக்கா! சீக்கிரம் வா! அத்தானையும் கூட்டிட்டு வா! என்ன மாட்டியிருக்கு பாரு!"

முழங்கை நீளத்துக்கு நாலு விரால் புல்லில் கிடந்தன. அவன் முகம் பூரித்துப்போயிருந்தது.

"டேய், இதைப் போய் ஏன்டா பிடிச்ச?"

"குளத்துல இருக்கற பெரிய மீனைப் பிடிக்காம வேற எதைக்கா பிடிப்பாங்க?"

"அது குளத்துக்குக் காவக்காரன்டா."

அவனுக்கு விஷயம் புரிந்தபோது முகம் செத்துவிட்டது. ஒன்றைத் தூக்கித் திரும்பத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது, பக்கவாட்டில் மிதந்தது. அவனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அடுத்த கோடைக்குள் குளத்தில் மறுபடியும் விரல் நீளக் கிழடுகள் மொய்த்தன. அதிகமாகப் போட்ட இரையெல்லாம் அடியில் உரமாகி, பாசி கரையிலிருந்து கரைவரை பாய் விரித்தது. டிரைவர் வீசிய உருண்டைகள் பாசிமேல் அப்படியே உட்கார்ந்தன. கீழே மீன் முட்டுவது தெரியும், வாய் தெரியாது. மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் கிண்ணத்தை வீசி எறிந்தார். அதன்பிறகு சோற்றையும் தள்ளிவிட்டார்.

அவள் பாசியைக் கையால் இழுத்தாள். இரண்டாம் நாளே தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை எழவில்லை. விதைக் கடையில் பாசி மருந்து கேட்டாள். கடைக்காரர் டப்பாவைத் தரும்போதே எச்சரித்தார்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கம்மா. ரெண்டு வாரம் விட்டு விட்டு."

"தெரியும்."

தெரியும்தான். கால் பங்கு, இரண்டு வாரம், இன்னொரு கால் பங்கு. முழுசாகத் தெளிய இரண்டு மாதம் ஆகும். உள்ளே ஒரு மனிதர் மூன்று நாளாகக் கஞ்சியைக்கூட வாயில் வாங்கவில்லை. அவள் கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குளத்தைச் சுற்றிவந்து டப்பா முழுவதையும் கலந்து தெளித்து முடித்தாள்.

நாலைந்து நாளில் பாசி பழுத்து, கறுத்து, அடியில் சரிந்தது. நடுவில் பளிச்சென்று தண்ணீர் தெரிந்தது. டிரைவரை அழைத்துப்போனாள். அவர் வீசினார், மீன்கள் மொய்த்தன, அவர் சிரித்தார். அன்றிரவு ஒரு தட்டு சோறு சாப்பிட்டார். மறுநாளும் சிரித்தார். அந்த இரண்டு நாள் அவளுக்குத் தோள்வலிகூடத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மேகம் கவிந்தது. காற்றில் ஓர் இலை அசையவில்லை. அதற்கு மறுநாள் விடியும்போது பின்கதவைத் திறந்தவளுக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. குளத்தின் மேல்பரப்பு முழுக்க வாய். ஆயிரக்கணக்கான சின்ன வட்ட வாய்கள், திறந்து திறந்து மூடின. இரைக்காக வந்த வாய்கள் அல்ல என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாளியை எடுத்துத் தண்ணீரை மொண்டு, தலைக்குமேல் தூக்கி ஊற்றினாள். காற்று கலக்கட்டும் என்று மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். தோள் கத்தியது. தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஒரு மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து சேரும்போது எட்டு மணி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வாய்கள் மூடிவிட்டன. வயிறுகள் வெள்ளை வெள்ளையாகத் திரும்பின.

"என்னாச்சுக்கா? யாராவது ஏதாவது கலந்துட்டாங்களா?"

"நான்தான்டா."

"என்ன சொல்ற?"

"ஒரேடியா மருந்தை அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன். அவரு சாப்பிடல."

தம்பி மோட்டாரை நிறுத்தினான். அந்த அமைதியில் சக்கரம் உரசும் சத்தம் கேட்டது. டிரைவர் இடது கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, பின்வாசற்படிவரை தானாகவே வந்திருந்தார். நோயில் விழுந்தபிறகு அவர் தானாக நகர்ந்தது அதுதான் முதல் தடவை. குளத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் முழங்கால்வரை சேறோடு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எல்லாம் போகலங்க. அடியில கொஞ்சம் இருக்கும். திரும்பப் பெருகிடும், பாருங்க."

'இல்ல' என்றாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். அள்ளிப் புதைக்க அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டு நாள் ஆனது.

மறுநாள் நாலு மணிக்கு அவள் நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதம் தினமும் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மட்டும் ஊட்டினால் வாங்கிக்கொள்வார். 'ம்', 'இல்ல', 'போ' மூன்றும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்.

குளத்தில் உண்மையிலேயே கொஞ்சம் மிஞ்சியிருந்தன. மோட்டார் தண்ணீர் விழுந்த மூலையில் ஒதுங்கிய முப்பதோ நாற்பதோ. போட்டியில்லாத தண்ணீர், இடம் தாராளம். மிஞ்சிய ஒரு விராலும் இருந்தது; அது மேலே வந்து வெறும் காற்றை விழுங்கிப் பிழைக்கிற ஜாதி. ஒன்றரை வருஷம் கழித்து ஆபீசர் அந்தப் பக்கம் வந்தபோது வலை வீசிப் பார்த்தார். சாக்கில் விழுந்தவை வட்டமாக, முதுகு தடித்து, செதில் மினுங்கிக்கொண்டு கை அகலத்துக்குத் துள்ளின.

"அம்மா, பிரமாதம்! இந்த வட்டாரத்துலயே இவ்வளவு ஆரோக்கியமான குளம் இல்ல. எப்படி இவ்வளவு குறைச்சீங்க?"

அவள் ஒரு மீனை மட்டும் தண்ணீரோடு வாளியில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலருகே உட்கார்ந்து, அவர் இடது கையை எடுத்து வாளிக்குள் வைத்தாள்.

"பாருங்க. நீங்க விட்ட மீனோட வம்சம். மொதல்ல இருந்த மாதிரியே இருக்கு பாருங்க."

மீன் அவர் விரல்களை உரசிக்கொண்டு சுற்றியது. கை அசையவில்லை. அவர் கண் திறந்துதான் இருந்தது, சுவரில். விரல்கள் சில்லிட்டுப்போகும்வரை அவள் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கையை எடுத்துத் துடைத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் அவள் ஆபீசர் சொன்னபடி சின்னதுகளை எடுக்கிறாள், பெரியதுகளை விடுகிறாள், பாசியைக் கால் பங்குக்கு மேல் தொடுவதில்லை. தம்பி வந்தால் தூண்டிலைத் தொடமாட்டான். சென்ற வாரம் கரையில் நின்று கேட்டான்.

"யாருக்காகக்கா இன்னும் இதைப் பண்ணிட்டிருக்க? மூடிடலாமே."

"விட்டா திரும்பப் பெருகிடும்டா," என்றாள் அவள், வலையை உதறிக்கொண்டே. "வாளியைக் கொஞ்சம் தள்ளி வை."