மன்னிப்பு இங்கிலீஷில் வேண்டுமாம்

சிதம்பரத்தில் என் வீட்டு மாடியில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பாரோ, லெண்ட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையை இன்றுவரை நான் பார்த்ததில்லை. லை, லே என்று வந்தால் நானே கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பேன். இதற்கெல்லாமா ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போடுவார்கள்? என் அக்காவுக்குப் போட்டார்கள், பாவிகள்.

அக்கா கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி டீச்சர். அவள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் மதியச் சோற்றைத் தினமும் குழாயடியில் கொட்டிவிட்டு, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கேட்டால் அழுகை. அக்கா அவளுடைய அப்பாவுக்கு வாட்ஸப்பில் எழுதினாள்: குழந்தை சோற்றைக் கொட்டுகிறாள், சாப்பிடச் சொல்லி ஞாபகப்படுத்துங்கள் என்று. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். ரிமைண்ட் என்று வரவேண்டிய இடத்தில் ரிமெம்பர் என்று போட்டுவிட்டாள்.

அந்த மகராசன் அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பில் வட்டம் போட்டு, பெற்றோர் குரூப்பில் விட்டான். 'இதுக்கா ஃபீஸ் கட்றோம்?' என்று கீழே ஒரு கேள்வி வேறு. அதற்கடியில் வரிசையாக விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள். பிரின்சிபால் கூப்பிட்டு, காலைக்குள் அதே குரூப்பில் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கவில்லை என்றால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

விஷயம் தெரிந்ததும் டியூஷனை நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன். அக்கா முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பில்லாம நீயே எழுதிக் குடுடி. அனுப்பிடறேன்."

"இன்னாத்துக்கு மன்னிப்பு? அவுங்க வூட்ல பூந்து திருடுனியா நீ?"

"கத்தாத. உங்க மாமா ஒடம்புக்கு முடியாம கெடக்கறாரு. இந்த வேலையும் போச்சுன்னா இன்னா பண்றது?"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பிழையே இல்லாத மன்னிப்பு.

அனுப்பப் போன அக்கா குரூப்பை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "ஏண்டி, இத்தினி பேரு சிரிச்சிருக்காங்க. அந்தப் புள்ள ஏன் சோத்தக் கொட்டுதுன்னு ஒருத்தர்கூட கேக்கலியே?"

நான் எழுதியதை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினாள். 'இங்கிலீஷ்ல தப்பா எழுதிட்டேன். சிரிச்சது போதும். குழந்தை இன்னிக்கும் சாப்புடல.' அனுப்பியும் விட்டாள்.

அதன்பிறகு ஒரு பொம்மையும் வரவில்லை. பிரின்சிபாலிடமிருந்துதான் வந்தது: நாளை முதல் வர வேண்டாம்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. குழந்தையின் அம்மா. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சு குழறியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். டப்பா காலியா வந்துச்சு, சாப்புட்டான்னு நெனச்சிட்டேன். நாளைக்கு நானே வந்து பக்கத்துல உக்காந்து ஊட்டறேன். நீங்க இருப்பீங்கல்ல? உங்கள விட்டா அவ யார்கிட்டயும் போமாட்டா."

அக்கா வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கினேன்.

"டீச்சர் இருப்பாங்களான்னு உங்க வீட்டுக்காரரக் கேளுங்கம்மா."