சங்கிலியால் அடித்த பலகைகள்

சிவசோதி கைபட்ட பலகை குழந்தையின் கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கும். கடல் கடந்து வந்து ரோவில் என்ற ஊரில் தச்சுப் பட்டறை வைத்து, அவனுக்கு வேலையும் கொடுத்திருந்த கோயம்புத்தூர்க்காரன் பிரதீப்குமார் எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் அதைத்தான் பெருமையாகச் சொல்லுவான். அந்த வழவழப்பே ஒருநாள் வம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

மலைப்பக்கம் முழு மரங்களை அடுக்கிக் கட்டிய வீடொன்றில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாள். தன் பழைய கண்ணாடிப் போத்தல்களைப் பார்வைக்கு வைக்கச் சுவரில் பலகைத் தட்டுகள் கேட்டாள். நூறு வருடம் அடிபட்டுக் கிடந்த மரம் போல இருக்க வேண்டுமாம். சிவசோதியோ பழக்கதோஷத்தில் பதினொரு பலகையையும் இழைத்து மினுக்கிக் கொண்டுபோய் வைத்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. காயத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்வது.

பிரதீப்குமார் வேனிலிருந்து ஒரு இரும்புச் சங்கிலியை எடுத்து வந்து நீட்டினான். இதால் நாலு சாத்துச் சாத்தினால் பலகைக்கு வயசு ஏறிவிடும் என்றான். சிவசோதி மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். கடைசியில் வாங்கிக்கொண்டான்.

முதல் அடியிலேயே கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டினால் சங்கிலி நுனி கடிக்கும். சுண்டாமல் விட்டால் தடிப்பு மட்டும் எழும். மரச்சிம்புகள் தெறித்தன. மூன்று பலகை முடிந்ததும் அந்த அம்மா தழும்புகளைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போய், கடைக்குக் கிளம்பினாள். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பிரதீப்குமார் கேட்டான். சிவசோதி அடுத்த பலகையைத் தூக்கி வைத்தான்.

கற்றது ஒரு ராணுவ முகாமில், ஊரில் போர் முடிந்த வருடம். சீருடைக்காரர்கள் சிவசோதியை மூன்று நாள் அடித்தார்கள். நாலாம் நாள் சங்கிலியை அவன் கையில் கொடுத்து, அவனுடைய ஊர்க்காரன் தருமராசாவை அடிக்கச் சொன்னார்கள். ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான். இன்னும் ஓங்கி, இன்னும் ஓங்கி என்று அரைகுறைத் தமிழில் கத்திக்கொண்டே பிடித்தான். சிவசோதி உயிர்ப் பயத்தில் அடித்தான். நன்றாகவே அடித்தான். தருமராசா அன்று பின்னேரமே செத்துப்போனான். படகேறி வந்தபின் விசாவுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் சிவசோதி வாங்கிய அடியெல்லாம் இருந்தது. கொடுத்த அடி இல்லை.

நாலாவது பலகையின்போது பிரதீப்குமார் எதிரே குந்தியிருந்து போனைத் தூக்கிப் பிடித்தான். விளம்பரத்துக்கு ஒரு வீடியோ வேண்டுமாம்.

"இன்னும் ஓங்கிச் சாத்துங்கண்ணா," என்றான்.

சங்கிலி பலகையில் விழவில்லை. போன் பிடித்த கையில் விழுந்தது. எலும்பு படக்கென்று முறிந்தது. அடுத்தது தோளில், அதற்கடுத்தது முதுகில், சட்டையோடு தோல் கிழிந்தது. பிரதீப்குமார் மரத்தூளில் சுருண்டு "அண்ணா, அண்ணா" என்று அலறினான். மறுபடி ஓங்கியபோதுதான் அது யாருடைய குரல் என்று சிவசோதிக்குப் புரிந்தது. சங்கிலியை எறிந்துவிட்டு அவனை அள்ளி வேனில் ஏற்றினான்.

வழியெல்லாம் பிரதீப்குமார் வலியில் கண்டபடி திட்டினான். சிவசோதி முகாமில் நடந்ததை முதல் தடவையாக ஒரு மனிதனிடம் சொன்னான். திட்டு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பிரதீப்குமார் முறியாத கையால் அவன் சட்டையைப் பிடித்தான்.

"போலீஸ் கேஸ்னா உங்க விசா போயிருங்கண்ணா. பலகை விழுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த நர்ஸ் கல்யாணி யாழ்ப்பாணத்துப் பெண். பிரதீப்குமார் பலகைக் கதையைச் சொல்ல, தோளில் வளையம் வளையமாகக் கன்றியிருந்ததை அவள் ஒருதரம் பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். சிவசோதி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு காகிதம், அதிலும் அவன் அடித்தது இல்லை. அவனால் தாங்க முடியவில்லை.

"பலகை விழேல்லைத் தங்கச்சி. நான்தான் அடிச்சனான்."

பிரதீப்குமார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கல்யாணி எழுதியதை வெட்டிவிட்டு, எத்தனை அடி என்று கேட்டாள்.

"இவருக்கு மூண்டு. தருமராசாவுக்கு நான் எண்ணேல்லை."

அவள் போலீசுக்குப் போன் எடுத்தாள். அவர்கள் வரும்வரை சிவசோதி பிரதீப்குமாரின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தான்.