வருத்தம் கேட்காத வேரோனிக்கா

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளில் யாருக்காவது தலையிடித்தால், குளிசைக்கு முதல் மக்டலீன் வந்து நிற்பாள். கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன வருத்தம்?" என்று தொடங்குவாள். எந்த நோயைச் சொன்னாலும், அதே வருத்தத்தில் செத்துப்போன ஓராள் மன்னாரில் அவளுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஒருதரம் நகச்சுத்துக்குக்கூட ஒரு மனுசனைச் சாகடித்தாள். அவள் வாசலில் தெரிந்ததுமே காய்ச்சல்காரர் எழும்பி வேலைக்கு ஓடினார்களாம். அந்த வருசம் முழுக்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் வருத்தமென்று வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. நம்பாதவர்கள் போய் விசாரிக்கலாம்.

அந்த மக்டலீனுடைய அக்காவின் மகள்தான் வேரோனிக்கா. சின்னம்மா வீட்டு சோபாவில் படுத்தெழும்பி, நேர்சிங் படிப்பில் முதலாம் வருசத்தை முடித்துவிட்டாள். காலையில் வகுப்பு, பின்னேரம் தையல் பாக்ரறியில் பொத்தான் தைக்கிற வேலை. நத்தார்ப் பண்டிகை கிட்ட வர பாக்ரறி முதலாளி சொல்லிவிட்டான்: புது வருசத்திலிருந்து பகல் வேலைதான், விருப்பமில்லாவிட்டால் வேலையை விட்டு நிற்கலாம். பகலில் பொத்தான் தைத்தால் படிப்பு முடிந்தது. வேலையை விட்டாலோ, படிக்கக் கட்டுகிற காசுக்கு வழியில்லை.

பின்னேரமும் சனி ஞாயிறும் செய்கிற மாதிரி ஆஸ்பத்திரியில் சின்ன வேலையொன்று கிடைத்தால் தப்பலாம். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "கனடாவில் ஆஸ்பத்திரி அனுபவம் இருக்கோ?" இருந்ததுதான். ஆனால் அதை வெளியில் சொல்ல ஏலாது.

கோடையில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாமல் போய்ப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கிழவர் ஒருவர் தனியே யன்னலைப் பார்த்தபடி கிடந்தார். பாவமாக இருந்தது. வேரோனிக்கா கதிரையை இழுத்துப் போட்டு, என்ன வருத்தம் என்று கேட்டாள். அவர் சொன்னார். எங்கள் ஊரிலும் ஒருவருக்கு அது இருந்தது என்றாள். கிழவர் ஆவலோடு நிமிர்ந்து, "இப்போது எப்படியிருக்கிறார்?" என்று கேட்டார்.

வேரோனிக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த கிழமை பூச்சாடிகளுக்கு வேறோர் ஆள் தண்ணீர் ஊற்றினார்.

மார்கழி முதல் கிழமை, கீழ்மாடி அகஸ்ரின் ஒரு செய்தியோடு வந்தான். வேறோர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை. நோயாளிகளை வீல்செயரில் இருத்தி எக்ஸ்ரேக்கும் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆஸ்பத்திரியே தன் தோளில்தான் ஓடுகிறது என்பது அவனுடைய கணக்கு.

"எங்கடை இடத்திலை ஓராள் வேலையை விட்டு நிக்கப்போகுது, பிள்ளை. பின்னேர வேலை. இன்ரவியூவிலை தள்ளிக் காட்டச் சொல்லுவினம். அது லேசு. ஆனா ஒண்டு, வருத்தத்தை மட்டும் கேக்கப்படாது. அது அந்தாளின்ரை சொந்த விசயம்."

மக்டலீன் குசினியிலிருந்து வெளியே வந்தாள். "வருத்தக்காரனிட்டை வருத்தத்தைக் கேக்காமல் பின்னை என்னத்தையடா கேக்கிறது?"

"சினோவைப் பற்றிக் கதைக்கலாம், அக்கா. எப்ப பனி கொட்டும், எவ்வளவு கொட்டும் எண்டு."

"மனுசன் சாகக் கிடக்கேக்கை சினோவைப் பற்றியோ? நல்ல நாடு!"

ஆனாலும் பழக்கிவிடுவதற்கு அவளே முன்னுக்கு நின்றாள். கீழே யாரோ விட்டுவிட்டுப் போன, சாமான் தள்ளுகிற கடைவண்டியொன்றை அகஸ்ரின் மேலே கொண்டுவந்தான். முழங்கால் நாடியில் முட்ட மக்டலீன் அதற்குள் ஏறி இருந்தாள். லிஃப்றுக்குள் தள்ளுகிறவர்தான் முதலில் பின்பக்கமாகப் போகவேண்டும், இருக்கிறவருடைய முகம் வாசலைப் பார்க்கவேண்டும் என்று அகஸ்ரின் காட்டிக்கொடுத்தான். பாதி வழியில் மக்டலீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மாதாவே!" என்று கத்துவாள்.

"சின்னம்மா, என்ன செய்—"

"பிடிச்சிட்டன்! கேட்டிட்டாய்!"

அவள் சிரித்த சிரிப்பில் லிஃப்ற் மூன்று நாள் வேலை செய்யவில்லை. இன்ரவியூவுக்கு முதல் நாள் வரைக்கும் வேரோனிக்கா ஒருதரமாவது பிடிபடாமல் தப்பவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மிசிஸ் பியூலா, ஜமேக்காக்காரி, ஆள் நல்ல வாட்டசாட்டம். தானே வீல்செயரில் ஏறி இருந்து, "நான்தான் நோயாளி. எக்ஸ்ரேக்குக் கொண்டுபோ" என்றார்.

வேரோனிக்கா தள்ளினாள். சினோ வரப்போகிறதாம் என்றாள். போன வருசத்தைவிடக் கூடவாம் என்றாள். லிஃப்றடியில் மிசிஸ் பியூலா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

நடிப்போ உண்மையோ தெரியவில்லை. கேள்வி வேரோனிக்காவின் பல்லுவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். முனகுகிற ஆளிடம் சினோவைப் பற்றிக் கதைக்கவும் நா எழவில்லை. வந்த வழியே வீல்செயரைத் திருப்பி, விறுவிறென்று தள்ளத் தொடங்கினாள்.

"எக்ஸ்ரே அந்தப் பக்கம்!"

"ஓம், மிஸ்."

நேர்ஸ்மார் இருக்கிற மேசையடியில் கொண்டுபோய் நிறுத்தி, "இவவுக்கு நெஞ்சு நோகுது, பாருங்கோ" என்றாள். அங்கே இருந்த நேர்ஸ் பதறி எழும்பினாள். "இது சோதனை, இது சோதனை" என்று மிசிஸ் பியூலா சொல்லச் சொல்லக் கேளாமல், பிரஷர் பார்க்கிற பட்டியைக் கையில் சுற்றிவிட்டாள்.

மிசிஸ் பியூலா கையை நீட்டியபடியே கேட்டார். "எனக்கு என்ன செய்யுது என்று ஏன் நீ கேட்கவில்லை?"

"வருத்தத்தைக் கேட்கக்கூடாது என்று சொன்னார்கள், மிஸ். அதுதான், கேட்கக்கூடிய ஆளிடம் கொண்டுவந்தேன்."

"நோகுதோ என்று கேட்கலாம், பிள்ளை. அவ்வளவுக்கு ஒருவரும் மறிக்கமாட்டார்கள்." பட்டி காற்றுப் போய்த் தளர்ந்தது. நேர்ஸ் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே பிரஷர் கூட, உப்பைக் குறையுங்கோ என்றாள். மிசிஸ் பியூலா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "உன்னுடைய வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?"

"இரண்டு மணிக்கு, மிஸ்."

"அப்படியென்றால் கிழமை நாளில் நாலு மணிக்கு வா. இந்தச் சனிக்கிழமை காலையிலேயே வந்து தொடங்கு."

சனிக்கிழமை வேலை முடிந்து வேரோனிக்கா வீட்டுக்கு வந்தபோது, மக்டலீன் தேத்தண்ணி ஊற்றி வைத்து, கதிரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"வா, வா, இரு. ஆராரைத் தள்ளினனி? என்னென்ன வருத்தங்கள்? எங்கடை ஆக்களும் கிடக்கினமோ?"

வேரோனிக்கா சப்பாத்தைக் கழற்றிக் கதவடியில் ஒழுங்காக வைத்தாள். தேத்தண்ணியைக் கையில் எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"வெளியிலை நல்ல சினோ, சின்னம்மா. போன வருசத்தைவிடக் கூடவாம்."